மோட்டார் ரூம் அண்ணாச்சியும் எங்க எனர்ஜி க்ளப்பும்

எனக்கு ஊரு ஆரல்வாய்மொழி பக்கம். வாசல்ல வந்து நின்னா கண்ணுக்கு எட்டின வரைக்கும் கரண்ட் எடுக்கிற காத்தாடிதான், முப்பந்தல் தாண்டியும் வரிசையா நிக்கும். 2012-ல நான் ஏழாவது படிச்சிட்டு இருந்தேன், அந்த வருஷம் கரண்ட் கட் எப்படி இருந்துச்சுன்னு தமிழ்நாட்டுல யாருக்கும் சொல்லத் தேவையில்ல, எமர்ஜென்சி லைட்டை நடுவுல வச்சிட்டு நானும் தம்பியும் ரெண்டு பக்கமா உக்காந்து படிப்போம், அதுவும் சார்ஜ் இறங்கிட்டா மெழுகுவர்த்தி. வெளிய அவ்ளோ காத்தாடி நிக்கே, நம்ம வீட்டுல ஏம்மா கரண்ட் இல்லன்னு ஒருநாள் கேட்டேன். "அது நமக்கு இல்லட்டி"ன்னு அம்மா ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க.

அந்தக் கேள்விக்கு சரியான பதில் எனக்குக் கிடைச்சது பத்து வருஷம் கழிச்சு, எம்.ஏ. எகனாமிக்ஸ் சேர்ந்தப்போ, யூனிவர்சிட்டில இருந்த எனர்ஜி க்ளப்ல. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு கூடுவாங்க, ரூம்மேட் சும்மா வாடின்னு இழுத்துட்டுப் போனா. ட்ரிபிள்ஈ, அதான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், சீனியர் ஒரு அண்ணன் போர்டுல மேற்குத் தொடர்ச்சி மலையை வரைஞ்சு நடுவுல ஒரு இடைவெளி விட்டாரு, அதுதான் எங்க ஊர் கணவாய். தென்மேற்குப் பருவக்காத்து அந்த சந்துல நெருக்கிட்டு வரும்போது வேகம் பிடிக்கும், அதனால மே-ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்தாடி கொட்டிக் குடுக்கும், அப்புறம் மாசக்கணக்குல பேருக்குத்தான் சுத்தும். அதுபோக 2012-ல தென்னிந்திய கிரிட், அதாவது கரண்ட் கொண்டு போற லைன் வலை, மத்த இந்தியாவோட ஒண்ணா இணையாம தனியா ஓடிட்டு இருந்துச்சு, கர்நாடகா ராய்ச்சூரையும் மகாராஷ்டிரா சோலாப்பூரையும் இணைக்கிற லைன் வந்து சேர்ந்தது 2013 டிசம்பர் 31-ல, அதுக்கு முன்னாடி மிச்சமானா அனுப்பவும் பத்தலன்னா வாங்கவும் வழி ரொம்ப குறுகல். ஆடி மாசம் காத்து அடிச்சு தள்ளும்போது சில நேரம் காத்தாடியை நிறுத்தி வைக்கச் சொல்லுவாங்கன்னும் சொன்னாரு. நான் கையைத் தூக்கி, நிறுத்தி வச்சா அந்த நஷ்டம் யாரு தலையிலண்ணான்னு கேட்டேன். அவரு சாக்பீஸைக் கீழ வச்சிட்டு, அது எனக்குத் தெரியாது, நீங்கதான எகனாமிக்ஸ், அடுத்த வாரம் நீங்க சொல்லுங்கன்னாரு. அன்னிக்கு நான் க்ளப்ல சேர்ந்தேன்.

இந்த மாதிரி க்ளப் எல்லாம் புதுசு இல்ல. அமெரிக்காவுல எம்ஐடில 2004-லயே மாணவங்க எனர்ஜி க்ளப் ஆரம்பிச்சிட்டாங்க, ஆரம்பிச்ச டேவிட் டேனியல்சன் அப்போ மெட்டீரியல்ஸ் சயின்ஸ்ல ஆராய்ச்சி மாணவர், பின்னாடி அந்த நாட்டு எனர்ஜி துறையிலயே பெரிய பொறுப்புக்குப் போனாரு. அவங்ககிட்ட இருக்கிற காசும் லேபும் எங்ககிட்ட கிடையாது. எங்களுக்கு இருந்தது வயரைக் கவ்விப் பிடிச்சு கரண்ட் அளக்கிற ஒரு க்ளாம்ப் மீட்டர், ஒரு பழைய சைக்கிள், ட்ரிபிள்ஈ, மெக், சிவில், எகனாமிக்ஸ், சோஷியல் வொர்க், கெமிஸ்ட்ரி, தமிழ்னு ஏழு டிபார்ட்மென்ட் பிள்ளைங்க. ஹால் புக் பண்ண எந்த டிபார்ட்மென்ட் பேர்ல லெட்டர் போடுறதுன்னே ஒவ்வொரு தடவையும் அலைய விடுவாங்க, அது இன்னும் எனக்கு மனசுல ஆறாத விஷயம், ஏன்னா எல்லா டிபார்ட்மென்டும் சேர்ந்து பேசுறதுக்குத்தான் இந்த க்ளப்பே.

ஏன் சேர்ந்து பேசணும்னு நான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, அதுக்கு லேடீஸ் ஹாஸ்டல் மோட்டார்தான் காரணம்.

ஹாஸ்டல் கரண்ட் பில்லை ஆடிட் பண்ணலாம்னு முடிவு பண்ணினோம். எங்களுது ஹெச்டி, அதாவது உயர் அழுத்த கனெக்‌ஷன், அதுல எத்தனை யூனிட் ஓடுச்சுன்றதுக்கு மட்டும் காசு இல்ல, அந்த மாசத்துல ஒரே நேரத்துல அதிகபட்சமா எவ்ளோ இழுத்தீங்கன்றதுக்கும் தனியா காசு, அதுக்குப் பேரு மேக்ஸிமம் டிமாண்ட். மீட்டர் ரீடிங்கை கிராஃப் போட்டுப் பாத்தா தினமும் காலைல ஆறு மணிக்கு மேல ஒரே குத்தா ஏறுது. அந்நேரம் மெஸ்ல மாவு கிரைண்டர் ஓடுது, பாத்ரூம்ல ஹீட்டர் எல்லாம் ஆன்ல இருக்கு, அதே நேரத்துல ரெண்டு ஏழரை ஹெச்பி மோட்டாரும் தண்ணி ஏத்துது. மோட்டார் ரெண்டும் சேர்ந்தா பதினோரு கிலோவாட்டுக்கு மேல. மொட்டை மாடில சோலார் பேனல் இருக்கு, அது மத்தியானம் நல்லா குடுக்கும், அப்போ ஹாஸ்டல்ல ஆளே இருக்காது. ட்ரிபிள்ஈ பசங்க உடனே, டைமர் வச்சு மோட்டாரை மத்தியானம் ஓட விடலாம், முடிஞ்சுதுன்னு ரிப்போர்ட் எழுதிட்டாங்க. எக்ஸெல் ஷீட்ல பாத்தா அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி.

சோஷியல் வொர்க் படிச்ச பொண்ணுதான், மோட்டார் போடுற அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னா. யாரும் கேக்கல. மறுநாள் காலைல அஞ்சரைக்கு நாங்க நாலு பேரு மோட்டார் ரூமுக்குப் போனோம். சின்ன ரூம், கிரீஸ் வாசனை, சுவத்துல ஒரு முருகன் காலண்டர், அதுல தேதிக்குப் பக்கத்துல பென்சிலால அண்ணாச்சி ஏதோ குறிச்சு வச்சிருந்தாரு. ஏன் அண்ணாச்சி காலைலயே போடுறீங்கன்னு கேட்டோம். "மத்தியானம் ஏத்தி வச்சா ராத்திரியோட ராத்திரியா காலியாயிருதும்மா. காலைல பிள்ளைங்க குளிக்க தண்ணி இல்லன்னா முதல் போன் எனக்குத்தான் வரும்"னாரு. காலண்டர்ல பென்சில் குறி எல்லாம் அப்படி காலியான நாளு. ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருக்கேன், யாரும் வந்து பாக்கலன்னாரு, சொல்லும்போது அவரு குரல் கம்மிப்போச்சு.

சிவில் பையன் அப்பவே மாடிக்கு ஏறினான். டேங்க்ல இருந்து கீழ இறங்குற ஒரு பைப் ஜாயின்ட், செடி மறைவுல, நூல் மாதிரி தண்ணி வடிஞ்சுட்டே இருக்கு, சுவரெல்லாம் பாசி. பக்கத்துல டேங்க்கைக் கழுவி விடுற வாஷ்அவுட் வால்வும் சரியா மூடல. பிளம்பரைக் கூப்பிட்டு ரெண்டையும் சரி பண்ண ஒரு நாள்தான் ஆச்சு. அதுக்கப்புறம் பதினோரு மணிக்கு மேல சோலார் நல்லா குடுக்கிற நேரத்துல அண்ணாச்சி மோட்டார் போடுறாரு, டைமர் வேண்டாம்னுட்டாரு, நாங்களும் வற்புறுத்தல. காலைல ஏறுற அந்தக் குத்து கிராஃப்ல கண்ணு முன்னாடியே குட்டையாச்சு. டைமரை மட்டும் வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒரு வாரத்துல பிள்ளைங்க பக்கெட்டோட நின்னுருப்பாங்க, சோலாரும் வேஸ்ட் க்ளப்பும் வேஸ்ட்டுன்னு பேராயிருக்கும்.

சைக்கிள் கதையும் சொல்லிடுறேன். பெடல் பண்ணினா பல்பு எரியுற மாதிரி மெக் பசங்க பண்ணினது, அதைத் தூக்கிட்டு பக்கத்து அரசுப் பள்ளிக்கூடங்களுக்குப் போவோம். ஒன்பது வாட் எல்இடி போட்டா பிள்ளைங்க சிரிச்சுட்டே மிதிக்கும், அறுபது வாட் குண்டு பல்புக்கு மாத்தினா கால் கெட்டியாயிரும், மூச்சு வாங்கும். நல்லா மிதிக்கிற ஆளு நூறு வாட் விடாம குடுத்தாலும் ஒரு யூனிட்டுக்குப் பத்து மணி நேரம் மிதிக்கணும்னு தமிழ் டிபார்ட்மென்ட் பொண்ணு சொல்லுவா, அவ சொன்னாத்தான் பிள்ளைங்களுக்குப் புரியும், நாங்க சொன்னா ஃபார்முலா மாதிரி போயிரும். ஒரு தடவை ஒன்பதாவது படிக்கிற ஒரு பிள்ளை இறங்கி வேர்வையைத் துடைச்சிட்டு, நான் பகல்ல மிதிச்ச கரண்ட்டை ராத்திரிக்கு எங்கக்கா வச்சுக்கிறதுன்னு கேட்டா. அந்தக் கேள்விக்குத்தான் இன்னிக்கு உலகமே மண்டையை உடைச்சிட்டு இருக்கு.

அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பதில் இருக்கு, ஆனைமலைல காடம்பாறை. மிச்ச கரண்ட் இருக்கும்போது மேல் ஆழியார்ல இருந்து தண்ணியை மேல ஏத்தி, தேவைப்படும்போது கீழ விட்டு டர்பைன் சுத்த வைக்கிறது, நூறு மெகாவாட் மெஷின் நாலு, பவர்ஹவுஸ் மலைக்குள்ள இருக்கு. இதை அண்ணாச்சிகிட்ட சொன்னப்போ கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "அப்போ நம்ம டேங்க்கும் அதே வேலைதானம்மா பாக்குது, மத்தியானம் ஏத்தி ராத்திரி விடுது?"ன்னாரு. டேங்க்ல கரண்ட் திரும்பி வராது, ஆனா வெயில் இருக்கும்போது ஏத்தி வச்சுக்கிற யோசனை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

நான் படிச்சு முடிச்சு வெளிய வந்துட்டாலும் சனிக்கிழமை மீட்டிங்குக்கு முடிஞ்சப்போ போயிட்டுத்தான் இருக்கேன். இந்த வருஷ பேட்ச் காடம்பாறை பாக்க பெர்மிஷன் கேட்டு லெட்டர் குடுத்திருக்காங்க. வேன்ல பதினாலு சீட்டு, அதுல ஒண்ணு அண்ணாச்சிக்கு.