வாரத்தில் இரண்டு நாள் வரும் கம்யூனிகேஷன்ஸ் தலைவர்

சில நிறுவனங்களில், ஊடகத்திடமும் பொதுமக்களிடமும் பேசுவதைக் கவனிக்கும் கம்யூனிகேஷன்ஸுக்கு முழுநேரத் தலைவர் ஒருவரை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வேலையோ வசதியோ இல்லை. ஆனால் முதலீடு, வழக்கு, ஆட்குறைப்பு, புதிய சந்தை என்று வெளியுலகிடம் பேசவேண்டிய விஷயங்கள் எல்லாம் இருக்கின்றன. இப்படிப்பட்ட நிறுவனங்கள் மூத்த கம்யூனிகேஷன்ஸ் ஆள் ஒருவரை வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று அமர்த்திக்கொள்கின்றன. ஆலோசகர் கருத்துச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இவர் முடிவெடுக்க வேண்டும், எடுத்த முடிவுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், சில மாதங்களில் அவர் அதிகச் சம்பளம் வாங்குகிற செய்திக்குறிப்பு எழுத்தர் ஆகிவிடுவார்.

பேரம் பேசும்போது எல்லாரும் அவர் வருகிற நாட்களைத்தான் எண்ணுகிறார்கள். காரியம் கெடுவதோ பெரும்பாலும் அவர் வராத நாட்களில்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு ஒரு நிருபர் போன் செய்கிறார். பிற்பகல் மூன்று மணிக்குள் பதில் வேண்டும் என்கிறார். போனை எடுக்கும் இளநிலை மேலாளருக்குப் பதில் சொல்ல அதிகாரமில்லை. சி.இ.ஓ. விமானத்தில். வழக்கறிஞர், “இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள்” என்கிறார். மாலையில் செய்தி வருகிறது, கடைசி வரி, “பலமுறை கேட்டும் நிறுவனம் பதிலளிக்கவில்லை.” இதில் யாரும் தவறு செய்யவில்லை. யார் எதைச் சொல்லலாம் என்று முன்கூட்டியே யாரும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பகுதிநேரத் தலைவர் வந்ததும் முதலில் எழுத வேண்டியது ஒரே பக்கத் தாள். அதில் மூன்று அடுக்கு. ஏற்கெனவே பொதுவெளியில் உள்ள தகவலைக் கேட்டால், மேலாளர் யாரையும் கேட்காமல் பதில் தரலாம். வாடிக்கையாளர் புகார், சேவைத் தடை, பணியாளர் விலகல் போன்றவை வந்தால், முன்பே ஒப்புதல் பெற்ற வாசகத்தை அனுப்பிவிட்டு அதே நேரத்தில் தலைவருக்குச் செய்தி போட வேண்டும். உயிர்ச்சேதம், வழக்கு, தரவுக் கசிவு, பங்குவிலையைப் பாதிக்கும் தகவல் என்றால், எந்த நாளாக இருந்தாலும் தலைவரைக் கூப்பிட வேண்டும். அவர் அரை மணி நேரத்தில் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்ற பெயரும் போன் எண்ணும் தாளிலேயே இருக்க வேண்டும். “சம்பந்தப்பட்ட அதிகாரியை அணுகவும்” என்று எழுதிய தாள் எதற்கும் உதவாது.

இரண்டாம் அடுக்குக்கான வாசகம் எப்படி இருக்க வேண்டும்? இப்படி: “இன்று காலை 9 மணி முதல் எங்கள் கட்டணச் சேவை இயங்கவில்லை. பொறியாளர்கள் சரிசெய்து வருகிறார்கள். பணம் பிடிக்கப்பட்டும் ஆர்டர் பதிவாகாதவர்களுக்குத் தொகை திருப்பித் தரப்படும். அடுத்த தகவல் பிற்பகல் 2 மணிக்கு.” நடந்தது என்ன, என்ன செய்கிறோம், பாதிக்கப்பட்டவருக்கு என்ன, அடுத்து எப்போது பேசுவோம். காரணத்தை ஊகித்துச் சொல்லக் கூடாது. காலையில் சொன்ன காரணம் மாலையில் மாறினால், செய்தியே அதுதான் ஆகிவிடும். சொன்ன இரண்டு மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும், “இன்னும் சரியாகவில்லை” என்றாவது சொல்லியாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் கறாராக இருக்க வேண்டியவை சில. நேரடியாக சி.இ.ஓ.வின் கீழ்தான் வேலை. மார்க்கெட்டிங் தலைவர் வழியாகப் போனால் எல்லா முடிவும் விளம்பர முடிவாகிவிடும். வாராந்திர நிர்வாகக் கூட்டத்தில் இடம் வேண்டும். அவர் வரும் நாளில் கூட்டம் இல்லையென்றால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள். நெருக்கடிக்கென்று தனி மணிநேரம் ஒதுக்கி, அதற்கான கட்டணத்தையும் முன்பே பேசிவிட வேண்டும்; இல்லாவிட்டால் முதல் நெருக்கடியிலேயே இரு தரப்புக்கும் மனக்கசப்பு. நிறுவன மின்னஞ்சலும் கோப்புகளைப் பார்க்கும் அனுமதியும் முதல் நாளே தர வேண்டும். போட்டி நிறுவனங்களுக்கு அவர் வேலை செய்யக் கூடாது என்றால், “போட்டி” எது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமானால், உள்தகவல் அறிந்தவர்கள் பட்டியலில் இவர் பெயரும் சேர வேண்டும். பகுதிநேரம்தானே என்று இதை விட்டுவிடுகிறார்கள்.

பகுதிநேரத் தலைவர் தான் வேலை செய்யும் இரண்டு நிறுவனங்களுக்காக ஒரே நிருபரிடம் பேச நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் யாருக்காகப் பேசுகிறோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே மின்னஞ்சலில் இரண்டையும் கலக்கவே கூடாது.

இனி ஊடகம். செய்தி அறைகளில் ஆள் குறைந்துவிட்டது. மூன்று துறையை ஒருவர் பார்க்கிறார். செயற்கை நுண்ணறிவு எழுதிய செய்திக்குறிப்புகளும், இல்லாத நிபுணர்களின் மேற்கோள்களும் அவருடைய இன்பாக்ஸை நிரப்புகின்றன. அவருக்கு ஐந்தாறு வரி, ஆதாரத்தோடு ஓர் எண், அடுத்த இரண்டு மணி நேரத்தில் போனில் கிடைக்கிற ஒரு மனிதர் போதும். உங்கள் பேச்சாளர் உண்மையான ஆள்தான் என்று சரிபார்க்க, பெயர், பதவி, படம் உள்ள பக்கம் ஒன்று தளத்தில் இருக்கட்டும். இருநூறு பேருக்கு ஒரே மின்னஞ்சல் தட்டுவதைவிட, உங்கள் துறையைப் பற்றி உண்மையிலேயே எழுதுகிற பதினைந்து பேரைத் தெரிந்துவைத்திருப்பது மேல்.

பாட்காஸ்ட் வேறு மாதிரி. தொலைக்காட்சிக்கு மூன்று வரியைத் தயார் செய்தால் ஒப்பேற்றலாம். நாற்பது நிமிடம் சகஜமாகப் பேசும்போது, சொல்லக் கூடாதவை எவை என்ற பட்டியல்தான் சி.இ.ஓ.வுக்குத் தேவை, முப்பத்தெட்டாவது நிமிடத்தில் விட்ட ஒரு கிண்டல்தான் தனித் துண்டாக வெட்டப்பட்டுச் சுற்றும். தனியாளாக நியூஸ்லெட்டர் நடத்துகிறவரிடம் ‘ஆஃப் தி ரெக்கார்ட்’ (பொதுவாக, வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையில்) பேசுவதானால், அதன் பொருள் என்ன என்பதை வாயைத் திறப்பதற்கு முன்பே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேசி முடித்த பிறகு கேட்பது வேண்டுகோள் மட்டுமே.

சமூக ஊடகத் தளங்களை நம்பிக் கோட்டை கட்டுவது ஆபத்து. 2023 ஆகஸ்டில் மெட்டா, கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளை நிறுத்தியது. சமூக ஊடகத்தில் எது எவ்வளவு பரவுகிறது என்று கண்காணிக்கப் பலர் நம்பியிருந்த தன்னுடைய கிரவுட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மூடியது. சொந்த மின்னஞ்சல் பட்டியல் சலிப்பூட்டும் விஷயம்தான், ஆனால் அதை யாரும் பிடுங்க முடியாது.

மாதம் ஒருமுறை, உங்கள் நிறுவனத்தைப் பற்றி வாடிக்கையாளர் கேட்கக்கூடிய பத்துப் பதினைந்து கேள்விகளை இரண்டு மூன்று ஏஐ கருவிகளில் கேட்டு, பதிலையும் அது காட்டும் மூலத்தையும் குறித்துவையுங்கள். தவறு பெரும்பாலும் உங்கள் தளத்திலேயே கிடக்கும் பழைய பக்கத்திலிருந்து வந்திருக்கும்; அங்கே போய்த் திருத்துங்கள். விக்கிப்பீடியா என்றால் கை வைக்காதீர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு தொகுப்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் விதி. அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லி, ஆதாரத்தோடு திருத்தம் கேட்பதே சரியான வழி.

அளவீடு பற்றி ஒரு வார்த்தை: வந்த செய்தியின் பரப்பை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கிக் காட்டும் கணக்கை கம்யூனிகேஷன்ஸ் வேலையை எப்படி அளப்பது என்று சொல்லும் பார்சிலோனா கோட்பாடுகள் 2010லேயே நிராகரித்துவிட்டன. அது உங்கள் ஏஜென்சி அறிக்கையில் இன்னும் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

நெருக்கடி மணிநேரம் தொடர்ந்து மூன்று மாதம் தீர்ந்துபோனால், முழுநேர ஆள் தேடும் நேரம் வந்துவிட்டது. அந்தப் பணி விவரத்தை எழுதவும் நேர்காணலில் உட்காரவும் பகுதிநேரத் தலைவரே பொருத்தமானவர். போகும்போது அவர் ஒப்படைக்க வேண்டியவை: கணக்குகளின் கடவுச்சொற்கள், ஒப்புதல் பெற்ற வாசகங்கள், அந்த ஒரு பக்கத் தாள், எந்த நிருபரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்ற குறிப்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர் முதல் வாரத்திலேயே யாரோ கொடுத்த எம்பார்கோ வாக்கை (குறித்த நேரம்வரை செய்தி வெளிவராது என்ற உறுதியை) மீறிவிட்டு விழிப்பார்.