பேப்பரிலிருந்து புல்லுக்கு: நாய்க்குட்டி மணிக்கு மூச்சா பழக்கிய அனுபவம்

நாய்க்குட்டிக்கு நாம் காட்டும் மூலை மனதில் பதிவதைவிட, அந்த மூலையில் காலுக்கு அடியில் என்ன இருந்தது என்பதுதான் பதிகிறது. இது பிடிபட்ட பிறகுதான் எங்கள் வீட்டுத் தரை காய ஆரம்பித்தது.

வீடு நங்கநல்லூரில், மூன்றாவது மாடி. மணி வந்தது ஆவணி கடைசியில். பக்கத்துத் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி, பெண், உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. இரண்டு மாதம் இருக்கும் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். பெயர் வைத்தது அப்பா. அவருக்குத் தெரிந்த எல்லா நாயும் மணிதான், ஆணா பெண்ணா என்பதெல்லாம் கணக்கில்லை.

முதல் நாளே டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். தடுப்பூசி எல்லாம் முடியும்வரை குட்டி தெருவில் கால் வைக்கக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும், குட்டிகளுக்கு வந்தால் பிழைப்பது கஷ்டம். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில், பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி 16 வாரம் ஆன பிறகு. ஆக, ஏறக்குறைய இரண்டு மாதம் எல்லாமே வீட்டுக்குள்தான் நடந்தாக வேண்டும்.

"ஊர்ல எந்த நாய்க்குடா இதையெல்லாம் சொல்லிக் குடுத்தோம்?" என்றார் அப்பா. உண்மைதான். ஊரில் திண்ணை ஒரு தரை, முற்றம் இன்னொரு தரை. படுத்த இடத்தை அசிங்கம் செய்யாத குணம் நாய்க்குப் பிறவியிலேயே உண்டு. கண் திறந்து நடக்க ஆரம்பித்ததுமே, மூன்று வாரக் குட்டி படுக்கையை விட்டுத் தள்ளி வந்துதான் மூச்சா போகப் பார்க்கும். மண் முற்றம் இருக்கிற வீட்டில் மிச்சப் பாடத்தைக் கால் தானாகப் படித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டிலோ ஹால், படுக்கையறை, சமையலறை, பால்கனி எல்லாம் ஒரே வெள்ளை டைல்ஸ். குட்டி எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கும்?

எல்லாரும் சொன்ன வழி பேப்பர் விரிப்பது. விரித்தோம். மணியும் சமர்த்தாகப் பேப்பரில் போகப் பழகியது. அப்பாவுக்குத் தரையில் உட்கார்ந்து, பேப்பரை முன்னால் விரித்து, குனிந்து படிக்கும் பழக்கம். ஒரு நாள் காலை மணி நிதானமாக நடந்து வந்து தலையங்கத்தின் மேல் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டு, பாராட்டுக்காக அவர் முகத்தையே பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். குட்டியைக் குறை சொல்ல முடியுமா? பேப்பரில் போகச் சொன்னோம், பேப்பரில் போனது. மகளின் நோட்டுப் புத்தகம், கூரியரில் வந்த அட்டைப்பெட்டி என்று அடுத்தடுத்து அதே கணக்கு.

நாய்க்குட்டிகள் எட்டு ஒன்பது வார வயதில்தான் எந்த மாதிரித் தரையில் போவது என்பதைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த வயதில் காலுக்குப் பழகியது பிறகும் கூடவே வரும். பெரிதான பிறகு மண்ணில் போக வேண்டிய நாய்க்கு இப்போது காகிதத்தைப் பழக்குவது இரட்டை வேலை. அதனால் மண்ணையே மூன்றாவது மாடிக்குக் கொண்டுவரப் பார்த்தேன். தெரு மண் ஆகாது, பார்வோ பயம். மாடித்தோட்டத்தில் கீரை போட வாங்கிய அகலமான பிளாஸ்டிக் ட்ரே ஒன்று சும்மா கிடந்தது. தென்னை நார்க் கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து, அதில் பரப்பினேன். மணி முதல் வேலையாக அதைத் தின்னப் பார்த்தது. வயிற்றில் போய் ஊதினால் வம்பு என்று, நர்சரியில் சதுர அடிக் கணக்கில் விற்கிற புல் பத்தையை வாங்கி அதன் மேல் போட்டு மூடினேன். பால்கனியில் முற்றம் ரெடி.

அப்புறம் வேலை முழுக்க நேரம் பார்ப்பதுதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு ஐந்து பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள், விளையாடி முடித்ததும், படுக்கப் போகும் முன். சாப்பாடு இரைப்பைக்குள் இறங்கினதுமே குடல் அசைய ஆரம்பித்துவிடும், அதனால்தான் தின்றவுடன் போகிறது. குட்டியின் மாதத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருவது அது அடக்கக்கூடிய மணி நேரம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அது தூங்கும்போது சரி. விழித்துக்கொண்டு ஆடுகிற குட்டிக்கு அரை மணி நேரமே அதிகம். விளையாட்டுதான் ஏமாற்றும். பந்தைத் துரத்திக்கொண்டே இருந்தது திடீரென்று பந்தை மறந்துவிட்டு, மூக்கைத் தரையோடு தரையாக வைத்து அரை வட்டம் போடும். இரண்டாவது அரை வட்டம் முடிவதற்குள் தூக்கியாக வேண்டும். எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுகொள்வது என் மகள். "அப்பா, மோப்பம்!" என்று கத்துவாள், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ராத்திரியில் கட்டில் ஓரமாக ஒரு அட்டைப்பெட்டி, திரும்பிப் படுக்கிற அளவுக்குத்தான் இடம். முனகினால் தூக்கிப் போய்ப் புல்லில் விட்டு, பேச்சுமில்லை கொஞ்சலுமில்லை, மறுபடி பெட்டி. ராத்திரி தண்ணீர் வைக்காதே என்று சிலர் சொன்னார்கள். சென்னைப் புழுக்கத்தில் அதில் எனக்கு உடன்பாடில்லை. சாப்பாட்டு நேரத்தை மட்டும் முன்னால் தள்ளி ஏழு மணிக்குள் முடித்தோம்.

பரிசு கொடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேகவைத்த கோழித் துண்டுகளைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் பால்கனிக் கதவோரம் வைத்திருந்தோம். புல்லில் மணி குந்தியதும் நான் டப்பாவைத் திறப்பேன். மூடி கிளிக் என்றதும் அது பாதியில் நிறுத்திவிட்டு ஓடிவரும், துண்டை விழுங்கும், உள்ளே போய் மீதியை ஹாலில் முடிக்கும். முழுசாகக் காலி செய்யவில்லை என்பது குட்டிக்கே தெரியாது. அதனால் துண்டை முன்கூட்டியே எடுத்துக் கைக்குள் மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நின்று, அது முடித்து நிமிர்ந்த பிறகு அங்கேயே, புல் மேல் வைத்தே கொடுத்தோம். உள்ளே வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாக ஆகிவிடும். ஓரிரண்டு விநாடிக்குள் கொடுத்தால்தான் எதற்கு என்று அதற்குப் புரியும்.

இதே காரணத்துக்காகத்தான் அந்தப் பழைய வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. மூக்கைப் பிடித்து அதில் தேய், பேப்பரைச் சுருட்டி இரண்டு போடு என்று சொல்லாதவர் இல்லை. எப்போதோ போனதற்கு இப்போது அடித்தால், மனுஷன் இருக்கும்போது போனால் அடி விழும் என்றுதான் நாய்க்குத் தெரியும். எங்கள் உறவில் ஒரு வீட்டில் இப்படி வளர்ந்த நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துதான் போகும். வெளியே அழைத்துப் போனாலும் எஜமானர் பார்க்கிறார் என்று அடக்கிக்கொள்ளும்.

துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபினாயில் போட்டால் நமக்கு வாசனை மாறுகிறது, நாய் மூக்குக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கிறது. போதாததற்கு, ஈரத் தரையில் நடந்து காலை நக்குகிற குட்டிக்கு அது நல்லதுமில்லை. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தோடு சேர்ந்தால் நெடியடிக்கிற வாயு கிளம்பும். நாய்ச் சாமான் கடையில் என்சைம் கலந்த ஸ்ப்ரே கிடைக்கிறது, தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். விலை அதிகம்தான். நான் அதை டைல்ஸ் இடுக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், வாசம் தங்குவது அங்கேதான். மற்ற இடத்துக்கு வினிகரும் தண்ணீரும் போதும்.

நடுவில் ஒரு வாரம் எல்லாம் தலைகீழானது. காரணம் பால். குட்டி பாவம் என்று அப்பா தினமும் ஒரு கிண்ணம் பசும்பால் வைத்திருக்கிறார். நிறைய நாய்களுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. வயிறு இளகிய குட்டியை எந்தப் பழக்கமும் கட்டுப்படுத்தாது. பால் நின்றது, பூச்சி மருந்தும் கொடுத்தோம், இரண்டாவது நாளே கெட்டிப்பட்டது.

புரட்டாசி பாதியில் மணி தானாகவே பால்கனிக் கதவில் காலால் பிறாண்ட ஆரம்பித்தது. தரை தொடர்ந்து காய்ந்திருந்தது. அப்புறம் தீபாவளி வந்தது. முதல் சரவெடிக்கே கதவை விட்டு ஓடி, ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டது. பால்கனிப் பக்கமே வரவில்லை. தூக்கிப் போய் விட்டாலும் உடம்பு நடுங்குகிறது. அன்று மட்டும் ஹாலில் நாலைந்து குளம். வெறுத்துப்போய் ட்ரேயை அப்படியே தூக்கி, ஜன்னல் சின்னதாக, வெடிச்சத்தம் குறைவாகக் கேட்கிற குளியலறையில் வைத்தேன். மணி உள்ளே வந்து மோந்து பார்த்தது. ஒரு காலைப் புல்லில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு நாலு காலும் ஏற, நெடுநேரம் மூச்சா போனது. இடம் மாறியதை அது கண்டுகொள்ளவே இல்லை. பேப்பரும் வேண்டாம், மூலையும் வேண்டாம், காலுக்குப் புல் இருந்தால் போதும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது. வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு ட்ரே பால்கனிக்குத் திரும்பியது.

கடைசி ஊசி முடிந்து கீழே இறக்கியபோது அடுத்த கூத்து. அபார்ட்மெண்ட் காம்பவுண்டில் புங்க மரத்தடியில் நல்ல மண், புல். மணி எல்லாவற்றையும் மோந்து, காய்ந்த இலையைக் கடித்து, வாட்ச்மேனிடம் கொஞ்சி, ஒன்றும் செய்யாமல் லிஃப்டில் ஏறி, வீட்டுக்குள் வந்ததும் நேராக ட்ரேக்கு ஓடியது. மூத்திரம் பட்டுப் பட்டுப் பழுத்துப்போன புல்லை ட்ரேயில் அவ்வப்போது மாற்றிக்கொண்டிருந்தோம். அப்படி எடுத்த பத்தையில் உள்ளங்கையகலம் வெட்டிக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமி, "என்ன சார், செடி நடறேளா?" என்றார். தன் வாசம் கிடைத்ததும் மணி அங்கேயே குந்தியது. ஆய் போவதும் சீக்கிரமே கீழே மாறியது. அதை எடுத்துப் போட ஒரு கவர் எப்போதும் என் பையில் இருக்கும், இல்லாவிட்டால் அசோசியேஷன் வாட்ஸாப்பில் நம் வீட்டு நம்பர் வந்துவிடும்.

இப்போது மார்கழி. பகல் முழுக்கக் கீழே, ராத்திரிக்கும் மழைக்கும் ட்ரே. ஈரப் புல்லில் கால் வைக்க அதற்கு அருவருப்பு, அதனால் ட்ரேயைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தியிருக்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. குளியலறை வாசலில் போடுகிற குச்சம் வைத்த மிதியடி காலுக்குப் புல் மாதிரியே இருக்கிறது போல, அதில் இரண்டு மூன்று முறை போய்விட்டது. மிதியடியை எடுத்துவிட்டு ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது முற்றம் இருக்குமே, ட்ரே எதற்கு என்றேன். அங்கேயும் இப்போது சிமெண்டு பூசிவிட்டார்களாம். காரின் டிக்கியில் ட்ரேக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற மூட்டைகளை அடுக்க வேண்டும்.