ரொமான்டிக் பாலே பாடம்: மேடை விளக்கிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

நடன முதுகலையில் மேலைநாட்டு நடன வரலாறு ஒரு தாளாக இருந்தால், "ரொமான்டிக் பாலேயின் இயல்புகளை விளக்குக" என்ற கேள்வியை எப்படியும் சந்திப்பீர்கள். தேவதை, ஆவி, நிறைவேறாத காதல், வெள்ளைப் பாவாடை என்று குறிப்புகள் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடும். அதை ஒப்பிக்கலாம், ஆனால் பத்து மதிப்பெண் விடையாக விரிக்க முடியாது. எனக்குக் கைகொடுத்தது, கதையைத் தள்ளிவைத்துவிட்டு மேடை விளக்கிலிருந்து தொடங்கியதுதான்.

பாரிஸ் ஓப்பரா 1821-ல் லெ பெல்தியே தெரு அரங்குக்குக் குடிபோனது. அடுத்த ஆண்டே மேடைக்கு கேஸ் விளக்கு வந்தது. கேஸ் வெளிச்சத்தை வேண்டியபோது கூட்டலாம், குறைக்கலாம். மேடையில் நிலவொளியை நம்பும்படி காட்ட முடிந்தது. 1831 நவம்பரில் மேயர்பீரின் 'ரொபேர் லெ தியாபிள்' ஓப்பராவில், பாழடைந்த மடத்துக் கல்லறைகளிலிருந்து இறந்துபோன கன்னியாஸ்திரீகள் எழுந்து ஆடினார்கள். முன்னின்று ஆடியவர் மரீ தக்லியோனி. நடனம் அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. அதில் நாயகனாகப் பாடிய அடோல்ஃப் நூரிதான் அடுத்து 'லா சில்ஃபீட்' பாலேயின் கதையை எழுதினார். அது 1832 மார்ச் 12 அன்று அரங்கேறியது. இந்தத் தொடர்பு பிடிபட்டுவிட்டால் பெயரும் ஆண்டும் தானாக மனத்தில் தங்கும்.

அப்புறம் கதைக்கு வாருங்கள். ஸ்காட்லாந்துப் பண்ணைவீடு, கல்யாண நாள் காலை. நாற்காலியில் தூங்கும் ஜேம்ஸின் பக்கத்தில் சிறகு முளைத்த ஒருத்தி மண்டியிட்டிருக்கிறாள். மணப்பெண் எஃபியை விட்டுவிட்டு அவள் பின்னால் காட்டுக்குள் ஓடுகிறான். அவளைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, சூனியக்காரி கொடுத்த சால்வையைச் சுற்றுகிறான். சிறகுகள் உதிர்ந்து அவள் இறந்துபோகிறாள். எஃபிக்கு வேறொருவனோடு கல்யாணம் நடக்கிறது. தொட்டால் இல்லாமல் போகிறவளைக் காதலிப்பது, அதுதான் இந்தக் காலத்துப் பாலேயின் காதல். அதை உடம்பால் காட்டத்தான் கால் நுனி தேவைப்பட்டது.

நுனிக்கால் ஆட்டத்தைத் தக்லியோனி கண்டுபிடித்தார் என்று எழுதிவிடாதீர்கள். அமாலியா புருன்யோலி போன்றவர்கள் அவருக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே அது வித்தை. தக்லியோனியிடம் அது, பூமியில் கால் பாவாத ஒருத்தியின் இயல்பாக மாறியது. இன்றைய காலணியில் இருக்கும் கெட்டியான முனை அன்று கிடையாது. சாட்டின் செருப்பின் விளிம்பில் நூலால் நெருக்கமாகத் தைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பாதத்தின் பலம். 1822-ல் வியன்னாவில் முதல் மேடை ஏறுவதற்கு முன் அப்பா அவரைத் தினமும் ஆறு மணி நேரம் வாட்டி எடுத்தார். அந்த லேசான தோற்றத்துக்குப் பின்னால் இருந்த இந்த உழைப்பை விடையில் இரண்டு வரியாவது எழுதுங்கள்.

மஸ்லின் பாவாடை வெளிச்சத்தை வாங்கி மிதப்பதுபோல் காட்டும், தீயையும் அதே வேகத்தில் பிடிக்கும். தக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி 1862 நவம்பரில் ஒத்திகையின்போது கேஸ் சுடர் பற்றி எரிந்து, 1863 ஜூலையில் இறந்தார். தீப்பிடிக்காதபடி பதம்செய்த துணி விறைத்து அழகு கெடும் என்று அதை அவர் மறுத்திருந்தார். படிக்கும்போது மனம் கனத்துப்போகும் பகுதி இது.

'ஜிசெல்' பாலேயை (அரங்கேற்றம் 1841 ஜூன் 28) படிக்கும்போது இரண்டு அங்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். முதல் அங்கம் பகல், திராட்சை அறுவடை, கிராமம். இரண்டாவது இரவு, கல்லறை, வில்லிகள், அதாவது கல்யாணத்துக்கு முன்பே இறந்த பெண்களின் ஆவிகள். ஜெர்மன் கவிஞர் ஹைனே எழுதியதைப் படித்துத்தான் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபீல் கோத்தியேவுக்கு இந்த எண்ணம் வந்தது. ஜிசெல்லாக ஆடியவர் கார்லோத்தா கிரிசி, இசை அடோல்ஃப் ஆதாம், நடனம் கொராலியும் பெரோவும். எல்லோரும் ஆவியாக ஆடிவிடவில்லை என்பதற்கு ஃபானி எல்ஸ்லர் ஒருவர் போதும். 1836-ல் அவர் ஆடிய கச்சுச்சா என்ற ஸ்பானிய நடனம் முழுக்க மண்ணைச் சேர்ந்த ஆட்டம்.

நம் மாணவர்கள் விடக்கூடாத ஒன்று உண்டு. தக்லியோனி 1830-லேயே இசையமைப்பாளர் ஓபேரின் 'தேவனும் பயதேரும்' படைப்பில் இந்திய ஆடற்பெண்ணாக ஆடினார். 1838-ல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து அம்மணி உள்ளிட்ட தேவதாசிகள் பாரிஸ் போய் நிஜமாகவே ஆடினார்கள். கோத்தியே அவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். தக்லியோனிக்குச் சிலை செய்த பார் என்ற சிற்பி அம்மணிக்கும் வெண்கலச் சிலை செய்தார். கட்டுரைத் தாளில் கீழைநாட்டு மோகம் பற்றிக் கேட்டால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

வீடியோ பார்க்கும்போது எந்தப் பதிப்பு என்று கவனியுங்கள். 'லா சில்ஃபீட்' என்று பெரும்பாலும் கிடைப்பது பூர்னோன்வில் 1836-ல் கோபன்ஹேகனில் அமைத்தது. அதன் இசை லோவன்ஸ்கியோல்டுடையது. பாரிஸ் இசை ஷ்னைட்ஸ்ஹோஃபருடையது, அதை வைத்து 1972-ல் பியேர் லாகோத் மறுபடி கட்டியதைத் தனியாகத் தேட வேண்டும். 'ஜிசெல்' ரஷ்யாவில் நடன அமைப்பாளர் பெதிபாவின் கைபட்டு வந்தது. அதனால் வீடியோவில் பார்த்த ஓர் அசைவைச் சொல்லி "1841-ல் இப்படி ஆடினார்கள்" என்று எழுத வேண்டாம். பதிப்பின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.