உப்பு மஃபினும் ஓமவல்லியும்

நவம்பர் 2, ஞாயிறு

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி, பாரிமுனைப் பக்கம் வெயிலில் அலைந்து ஆறு குழி மஃபின் தட்டு ஒன்று வாங்கி வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்குத்தான் அதற்கு விடிவு. அம்மாவுக்கு சுகர், அதனால் இனிப்பு வேண்டாம், கொத்தமல்லி, புதினா, சீஸ், மிளகு போட்டு உப்பு மஃபின் செய்யலாம் என்று இறங்கினேன். (சுகர்காரருக்கு மைதா மட்டும் ஆகுமா என்று கேட்காதீர்கள். ஒன்றுதான் கொடுப்பேன்.)

மைதா ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், முட்டை ஒன்று, எண்ணெய் கால் கப், பால் அரை கப்புக்குக் கொஞ்சம் மேலே. அளவில் தப்பே இல்லை. தப்பெல்லாம் கையில்தான். தோசை மாவு கரைத்தே பழகிய கை, ஒரு கட்டிகூட இருக்கக் கூடாது என்று ஐந்து நிமிடம் போட்டு அடித்துவிட்டேன். வெந்ததைப் பிட்டால் உள்ளே புழு குடைந்த மாதிரி கீழிருந்து மேலே நீள நீளமாக ஓட்டை. கடித்தால் ரப்பர். ஈர மைதாவை அடிக்க அடிக்க குளூட்டன் என்கிற இழுவைப் புரதம் இறுகிக்கொண்டே போகும், உள்ளே கிளம்புகிற வாயு அதில் சுரங்கம் தோண்டிக்கொண்டு மேலே ஏறும். பரோட்டாவுக்கு வேண்டியது இதற்கு ஆகாது.

அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "இன்னாடி இது, கேக்குல சக்கர போட மறந்துட்டியா?" என்றது. அஞ்சு மஃபினும் மாடிக் காக்காவுக்குப் போயின. அதுவும் யோசித்துத்தான் தின்றது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. பேக்கிங் பவுடரும் ஈரம் குடித்திருக்குமோ என்று சந்தேகம். சுடுதண்ணீரில் அரை ஸ்பூன் போட்டேன், நுரைத்துப் பொங்கியது. அதன் மேல் பழி போட வழியில்லை.

நவம்பர் 8, சனி

இந்தத் தடவை இடியாப்ப மாவைத் தொடுகிற மாதிரி தொட்டேன். உலர்ந்ததை ஒரு பாத்திரத்தில், ஈரமானதை இன்னொன்றில். பாலைக் குறைத்து அரை கப் புளித்த தயிர், அதற்கு ஈடாகக் கால் டீஸ்பூன் சமையல் சோடா. நடுவில் குழி பறித்து ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தடவை அடியிலிருந்து மேலே புரட்டினேன், அவ்வளவுதான். மாவு கட்டி கட்டியாக அசிங்கமாக இருந்தது. இன்னும் ரெண்டு சுற்று சுற்றலாமே என்று கை துடித்தது, கரண்டியைத் தூக்கி சிங்கில் போட்டுவிட்டேன்.

பச்சிலைக் கதை தனி. ஆரிகனோ பாட்டிலைத் திறந்தால் வாசனையே இல்லை, பழைய பேப்பர் மாதிரி. அப்போதுதான் பால்கனியில் பெயின்ட் வாளியில் தழைத்துக் கிடக்கும் ஓமவல்லி கண்ணில் பட்டது. அம்மா இருமலுக்குக் கஷாயம் வைக்க வளர்ப்பது. ஆரிகனோ வாசத்துக்குக் காரணமான கார்வக்ரால் இதிலும் இருக்கிறது, அதனால்தான் கசக்கினால் பீட்சா நினைப்பு வருகிறது. தடித்த இலை, தண்ணீர் அதிகம். கழுவி துணியில் ஒற்றி, நாலே நாலு இலையைப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் ஒரு பிரட்டு பிரட்டி ஆறவிட்டுச் சேர்த்தேன். அஞ்சாவது இலை போட்டால் மஃபின் மருந்தாகிவிடும்.

சோடாவும் தயிரும் சேர்ந்ததும் வேலை ஆரம்பித்துவிடும், மாவைக் காக்க வைக்கக் கூடாது, ஓவன் முன்னாடியே 200 டிகிரிக்குக் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்திருந்தது. தட்டை உள்ளே வைத்து எட்டு நிமிடத்தில் தம்பி அயர்ன் பாக்ஸைப் போட்டான், ட்ரிப் ஆகி வீடே இருட்டு. அவனைத் திட்டிக்கொண்டே ஸ்விட்சைத் தூக்கிவிட்டு வந்தேன், ஓவன் கதவை மட்டும் திறக்கவில்லை. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். பல்குத்தும் குச்சி சுத்தமாக வந்தது. மேலே வெடித்து, ஓரமெல்லாம் சீஸ் முறுகல். கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதனால் என்ன.

ஒரு குறை: போட்டோ எடுக்கிறேன் என்று தட்டிலேயே விட்டதில் அடி வேர்த்துப் போயிற்று. அஞ்சு நிமிடத்தில் எடுத்துக் கம்பி வலையில் வைத்திருக்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

தம்பி காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கி வந்தான், அம்மா குழம்பு வைத்தது. சோறு வடிக்கும் முன்னாடியே அடுப்படியில் சத்தம் வர, எட்டிப் பார்த்தேன். நேற்றைய மஃபினில் மிஞ்சியதைத் தோசைக்கல்லில் திருப்பிப்போட்டுச் சூடாக்கி, ரெண்டாகப் பிட்டு, குழம்பில் முக்கித் தின்றுகொண்டிருக்கிறது.

"ஒண்ணுதானேம்மா உனக்கு?"

"இது நேத்து கணக்குடி" என்றது, விரலைச் சப்பிக்கொண்டே.