கவுண்டர் ஓரத்து நாற்காலி

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். எங்கள் மருந்தகத்தில் அது பூட்டிய அலமாரியில்தான் இருக்கும். ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் கணக்கு எழுத வேண்டும். மலேசியாவின் பினாங்கில் மருந்தாளுநராக 11 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கணக்கை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஒரு பிள்ளையைத்தான் தவறவிட்டேன்.

பிறை என்ற ஊரிலிருந்து வந்த அம்மா அவர். மகனுக்கு எட்டு வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அன்று வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. "காலையில் ஒன்று, மதியம் ஒன்று" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தேன். அவர் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர் என்பதை நான் கேட்கவே இல்லை. பகலில் உறங்கி எழுந்து, மதிய மாத்திரையை மாலை ஆறு மணிக்குக் கொடுத்திருக்கிறார். பையன் நள்ளிரவுவரை விழித்திருந்தான், சோற்றையும் தொடவில்லை. மருந்து பிள்ளையை உருக்குகிறது என்று பாட்டி நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, அவனை வகுப்பில் கடைசி மேசைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த நான்கு மாதங்களுக்கு நானும் பொறுப்பு.

அதன் பிறகுதான் இந்தக் குறைபாட்டுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ ஆய்வை முழுதாகப் படித்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள 579 பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து 14 மாதம் நடத்தியது. முதல் முடிவுகள் 1999-இல் வெளியாயின. நடத்தைப் பயிற்சியைவிட மருந்து நன்றாக வேலை செய்தது என்பதைத்தான் பலரும் எடுத்துச் சொல்வார்கள். என் கண் வேறோர் இடத்தில் நின்றது. வழக்கமான மருத்துவரிடமே விடப்பட்ட குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டார்கள். ஆனாலும் ஆய்வாளர்கள் கையால் மருந்து பெற்றவர்கள் அளவுக்கு அவர்கள் தேறவில்லை. ஆய்வாளர்கள் மாதந்தோறும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், ஆசிரியரிடம் விசாரித்தார்கள், அளவைத் திருத்தினார்கள். 14 மாதத்தோடு அது முடிந்தது. மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கிடையே வேறுபாடே தெரியவில்லை. இடையில் பலர் சிகிச்சையை மாற்றிக்கொண்டதும் உண்மைதான். இருந்தாலும், கூட உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனதையே நான் அதில் காண்கிறேன்.

அரை மணி நேரம் என்னிடம் இல்லை. பத்து நிமிடம் உண்டு. கவுண்டர் ஓரமாக ஒரு நாற்காலி போட்டேன். மாத்திரையை யார் கொடுக்கிறார்கள், பிள்ளை எப்போது தூங்குகிறான் என்று கேட்கிறேன். தோசையோ நாசி லெமாக்கோ, வயிறு நிறைந்த பிறகே மாத்திரை; மாலையில் மருந்து தணிந்ததும் பசி திரும்பும், அப்போது நன்றாகச் சாப்பாடு. நெடுங்காலம் மருந்து எடுத்தவர்கள் ஏறக்குறைய எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 செ.மீ.க்கு மேல் உயரம் குறைந்திருந்ததையும் அதே ஆய்வு பின்னாளில் கண்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் அதை வேறு யாரிடமாவது கேட்டுப் பயப்படக்கூடாது.

அந்தப் பையனுக்கு இப்போது 17. இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் மருத்துவர் சம்மதத்துடன் மருந்தை நிறுத்தினான். நான்காம் படிவம் நன்றாகவே போனது. எஸ்.பி.எம் என்னும் பள்ளி இறுதித் தேர்வு ஆண்டில் மறுபடியும் தடுமாற்றம். "குணமாகிவிட்டது என்று இருந்தேனே, மிஸ்" என்று அம்மா கலங்கினார். எம்.டி.ஏ ஆய்வுப் பிள்ளைகளை 16 ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து பார்த்ததில், பத்தில் ஆறு பேருக்கு இது தணிவதும் திரும்புவதுமாகவே இருந்திருக்கிறது, அதைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் மகனை உட்கார வைத்தார்.

காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று அவனிடமே கேட்டேன்.