விடிகாலையில் வந்த போன்

திருவல்லிக்கேணியின் பழைய தெருக்களில் பாதாள சாக்கடைக் குழாய்களைப் புதுப்பிக்கும் வேலையில் சில மாதங்கள் இருந்தேன். லாரி நுழைந்தால் ஆள் ஒதுங்க இடமிருக்காத தெருக்கள். தோண்டினால் வாசல்படிகள் சரிந்துவிடும். அதனால் தோண்டாமல் உள்ளிருந்தே சரிசெய்வது என்று முடிவானது.

சென்னைக்கு முழுமையான கழிவுநீர்த் திட்டம் வகுத்தது 1910 வாக்கில். 1961-ல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு கணக்கெடுப்பில் 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. குழாயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சுட்ட மண்ணில் செய்த ஸ்டோன்வேர் துண்டுகள் அவை, அமிலம்கூட அவ்வளவு எளிதில் அரிக்காது. விட்டுப்போவது துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புகள்தான். சிமென்ட் உதிர்ந்த இடைவெளியில் மணல் உள்ளே இறங்கும், மேலே ரோடு பள்ளமாகும். உள்ளே ஓடுவது வெளியே கசிந்து பக்கத்துக் குடிநீர்க் குழாயைச் சுற்றி நிற்கும். சப்ளை நின்றதும் குடிநீர்க் குழாயில் அழுத்தம் இறங்கும், ஓட்டை இருந்தால் அந்தக் கழிவை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாங்கள் வேலை செய்த ஒரு தெருவில் காலையில் முதல் குடத்தை யாரும் குடிக்க எடுப்பதில்லை. பிடித்து, முகர்ந்து பார்த்து, வாசலில் ஊற்றிவிடுவார்கள். பல வருஷப் பழக்கம்.

நாங்கள் போட்டது லைனர். ரெசின் என்ற பிசினில் ஊறவைத்த ஃபெல்ட் துணிக்குழல். 1971-ல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர் முதலில் செய்துகாட்டிய முறை. சட்டைக் கையைத் திருப்புவதுபோல, தண்ணீர் அழுத்தத்தால் குழலைத் திருப்பியபடியே மேன்ஹோல் வழியாகக் குழாய்க்குள் செலுத்துவோம். அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் சில மணி நேரத்தில் இறுகி, பழைய குழாய்க்குள் புதுக் குழாய் ஆகிவிடும். குழிக்குள் ஆளை இறக்காமல் முடிக்கலாம் என்பதே எனக்கு இதில் பெரிய விஷயம். சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்த பிறகும் விஷவாயுவில் சாவது நிற்கவில்லை. அப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் கொடுக்கும் நிலைக்கே போகாமல் வேலை நடக்க வேண்டும்.

லைனர் இறுகி, அதில் திறப்பு வெட்டும்வரை ஒவ்வொரு வீட்டின் இணைப்பும் அடைபட்டிருக்கும். அதனால் முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ராத்திரி குளிக்க வேண்டாம், துவைக்க வேண்டாம். ரெசின் நெடி வீட்டுக்குள் வராமல் இருக்க, பாத்ரூம் ட்ராப்பில், அதாவது தண்ணீர் தேங்கி நெடியைத் தடுக்கும் வளைவில், முன்கூட்டியே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வையுங்கள். எல்லாரும் சரி என்றார்கள். கர்ப்பிணிப் பெண் இருந்த ஒரு வீட்டில் மட்டும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்றார்கள். எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

இறுகியதும் கேமராவுடன் ரோபோ கட்டர் உள்ளே போய் ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் வட்டமாக வெட்டித் திறக்கும். எது எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று முன்பே எடுத்த பதிவை வைத்துத்தான் வெட்டுவோம். அந்தப் பதிவில் ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது. படிந்திருந்த சேறு அதன் வாயை மூடியிருந்ததால் கேமராவில் தெரியவில்லை. வீடுகளையும் பதிவையும் எண்ணி ஒப்பிட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். நான் ஒப்பிடவில்லை.

விடிகாலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. மூன்று குடித்தனம் இருக்கும் வீடு. பின்கட்டில் எழுந்து குளித்த தண்ணீர் முன்கட்டு அம்மாவின் பாத்ரூமில் பொங்கி, சமையலறை வாசல்வரை வந்துவிட்டது. கோலமாவு டப்பா மிதந்துகொண்டிருந்தது. அந்த அம்மா திட்டவில்லை. "ராத்திரி பூரா நீ சொன்ன மாதிரிதானே தம்பி இருந்தோம்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒன்பது மணிக்குள் கட்டரை இறக்கி இணைப்பைத் திறந்தோம். ஆட்களோடு நானும் நின்று தரையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டோம். அடுத்த தெருவிலிருந்து கேமராவை மட்டும் நம்புவதை விட்டேன். ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையிலும் பச்சைச் சாயம் கரைத்து ஊற்றி, கீழ்மேன்ஹோலில் பச்சை வருகிறதா என்று நின்று பார்த்த பிறகே அந்த வீட்டைப் பட்டியலில் எழுதினேன். ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. கம்பெனியில் முணுமுணுத்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து, தண்ணீர் வரும் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா முதல் குடத்தைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "வாசம் இல்லை" என்றார். பிறகு வழக்கம்போல வாசலில் ஊற்றிவிட்டு, "இன்னும் பத்து நாள் பார்க்கிறேன் தம்பி" என்றார்.