கோத்தே வீட்டு அடி பம்பு

ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது வருஷம் வீட்டுக்காரரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. இங்கே வாடகையோடு சேர்த்து மாதாமாதம் தண்ணீர், ஹீட்டர், குப்பை, மாடிப்படி கூட்டுவது எல்லாவற்றுக்கும் உத்தேசமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வார்கள். நேபன்கோஸ்டன் என்று பெயர். வருஷம் முடிந்ததும் மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு, மிச்சம் இருந்தால் திருப்பித் தருவார்கள், கூடிப்போயிருந்தால் கேட்பார்கள். எங்களிடம் கேட்டார்கள். 386 யூரோ. பெரும்பங்கு வெந்நீருக்கு.

என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைக் குழாயை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற வெந்நீரில் ஒவ்வொரு தட்டாகக் கழுவுவது என் வழக்கம். இங்கே பலர் தொட்டியை அடைத்துத் தண்ணீர் பிடித்து, சோப்பு நுரையில் முக்கியெடுத்து, அப்படியே துணியால் துடைத்து அடுக்கிவிடுகிறார்கள். நுரையை அலசாத தட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், ஆரணியில் தெருமுனை அடி பம்பில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து, அடித்து, இடுப்பில் சுமந்து வளர்ந்தவள் நான். ஒரு குடத்துக்கு எத்தனை அடி என்று கை கணக்கு வைத்திருக்கும். அந்தக் கைதான் இங்கே வந்து ஊதாரியாகிவிட்டது.

அந்த வருஷம்தான் நான் மொழி வகுப்பில் இருந்தேன். ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அரசாங்கம் நடத்துவது: 600 மணி நேரம் ஜெர்மன், அப்புறம் 100 மணி நேரம் நாட்டின் வரலாறும் சட்டமும். கடைசியில் 33 கேள்விக்கு ஒரு தேர்வு. வகுப்பில் சிரியாக்காரர்கள், எரித்ரியாக்காரர்கள், உக்ரைனியப் பெண்கள். தமிழ் பேசுகிற ஒரே ஆள் நான். ஒரு நாள் ஆசிரியை எங்களை ஜெர்மானியரின் மகாகவி கோத்தேயின் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றார். அதற்கு முன்னால் அரை மணி நேரம் அந்தப் பெயரை உச்சரிக்க வைத்தார். உதட்டை ஓ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு உள்ளே ஏ சொல்ல வேண்டும். நம் பத்திரிகைகளில் கதே, கெதே, கோத்தே என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எதுவும் சரியில்லை, எதுவும் தப்பில்லை.

ஃபிராங்க்ஃபர்ட்டில் வில்லி பிராண்ட் பிளாட்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, வங்கிக் கட்டடங்களின் நிழலில் ஐந்து நிமிஷம் நடந்தால் கிரோசர் ஹிர்ஷ்கிராபன் என்கிற சின்னத் தெரு. அங்கே மஞ்சள் பூசிய, மேல்மாடிகள் தெருப்பக்கம் லேசாகத் துருத்திக்கொண்டு நிற்கிற வீடு. 1749 ஆகஸ்ட் 28 அன்று கோத்தே பிறந்தது இங்கேதான். பையையும் குடையையும் லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனோம். வாசல் மேலே குடும்பச் சின்னம், மூன்று யாழ். தரைத்தளத்தில் சாப்பாட்டு அறையைத் தாண்டிச் சமையலறை. செம்புப் பாத்திரங்கள், பலகார அச்சுகள், உயரமாகக் கட்டிய அடுப்பு மேடை. ஓரத்தில் கல் தொட்டி. தொட்டியின் மேல் வளைந்த இரும்புக் கைப்பிடியோடு ஒரு பம்பு.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆசிரியை ஆர்வமாக விளக்கினார்: வீட்டுக்குள்ளேயே கிணறு, அதிலிருந்து நேராகச் சமையலறைக்குத் தண்ணீர், அந்தக் காலத்தில் இது பெரிய ஆடம்பரம், மற்றவர்கள் பொதுக் கிணற்றுக்குப் போய்ச் சுமந்து வர வேண்டும். சிரியப் பெண் ஒருத்தி தலையாட்டினாள். எரித்ரியப் பையன் கைப்பிடி அடிப்பதுபோல் காற்றில் அடித்துக் காட்டினான். விளக்கம் தேவைப்படாத கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருக்கிறோம் என்று ஆசிரியைக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார்.

மேலே இருந்த அறைகளை அன்று சரியாகப் பார்க்கவில்லை. சீன வேலைப்பாட்டுச் சுவர்க் காகிதம் ஒட்டியதால் பீக்கிங் என்று பெயர் வாங்கிய பெரிய கூடம், அப்பாவின் நூலகம், மூன்றாம் மாடியில் ‘வெர்தர்’ நாவலை எழுதிய அறை, எல்லாவற்றையும் நாற்பது நிமிஷத்தில் கடந்தோம். பள்ளிக்கூடத்தில் திருவல்லிக்கேணி பாரதியார் இல்லத்துக்குக் கூட்டிப்போன மாதிரிதான். வரிசை கலையக் கூடாது என்பதே முக்கியமாக இருந்தது.

சில வாரம் கழித்து வகுப்பில் ஒரு செய்தித்தாள் துணுக்கு படித்தோம். அதில் ‘பாரியா நாடு’ என்று வந்தது, உலக நாடுகள் ஒதுக்கி வைத்த நாடு என்ற பொருளில். பாரியா எந்த மொழிச் சொல் தெரியுமா என்று ஆசிரியை கேட்டார். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கட்டுமரம் இங்கே கட்டமரான் ஆனதை நான் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் கறி பற்றியும் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன். இந்தச் சொல்லும் எங்களுடையதுதான், பறையர் என்ற பெயரைப் போர்த்துகீசியர் எடுத்துப்போய் ஐரோப்பா முழுக்கப் பரப்பினார்கள், ஒரு சாதிக்கு நாங்கள் செய்ததை ஒரே சொல்லில் அடைத்து ஏற்றுமதி செய்திருக்கிறோம் என்று எழுந்து நின்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மொழிப் பெருமைப் பட்டியல்களில் இந்தச் சொல் ஏன் வருவதில்லை என்றும் யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் தேடியபோதுதான் கோத்தே மறுபடி வந்தார். ‘பாரியா’ என்றே அவர் கவிதை எழுதியிருக்கிறார், மூன்று பகுதியாக, 1824இல் வெளியானது. முதலில் தாழ்த்தப்பட்டவன் ஒருவனின் பிரார்த்தனை, நடுவில் ஒரு கதை, கடைசியில் அவனுடைய நன்றி. ரெக்லாம் பதிப்பகத்தின் அந்தச் சின்ன மஞ்சள் புத்தகங்களில் ஒன்றை வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நடுப்பகுதியைப் படித்தேன். பிராமணர் ஒருவரின் மனைவி தினமும் ஆற்றுக்குப் போகிறாள். குடம் கொண்டுபோவதில்லை. கற்புள்ள அவள் கையில் தண்ணீர் தானாகப் பந்துபோல் உருண்டு திரண்டு நிற்கும். ஒரு நாள் தண்ணீரில் வானத்து இளைஞன் ஒருவனின் நிழல் தெரிகிறது...

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது எங்கள் குலதெய்வத்தின் கதை. படவேட்டு ரேணுகாம்பாள். ஆடி வெள்ளிக்கு ஆரணியிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கும்பிட்ட அம்மன். கதையில் வருகிற கமண்டல நதி எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது, மழைக்காலத்தில் மட்டும்.

கோத்தே இந்தியாப் பக்கம் வந்ததே இல்லை. பியர் சோன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் நம் பக்கம் சுற்றிவிட்டு 1782இல் வெளியிட்ட பயண நூலில் இதே கதையை மாரியாத்தாள் கதையாக எழுதியிருந்தார். அடுத்த வருஷமே அது ஜெர்மனில் வந்தது. நாற்பது, ஐம்பது வருஷம் எழுதாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்த கருக்களில் பாரியாவும் ஒன்று என்று கோத்தே சொல்லியிருக்கிறார். எழுதி முடித்தபோது எழுபது தாண்டிவிட்டது. அதற்குள் ஃபிராங்க்ஃபர்ட் வீட்டைவிட்டு வைமார் நகரத்துக்குப் போய் அரை நூற்றாண்டுக்குப் பக்கம் ஆகியிருந்தது. ஆக, அந்தச் சமையலறைக்கும் இந்தக் கவிதைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எனக்கு மட்டும் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

அடுத்த கோடையில் அம்மா மூன்று மாத விசாவில் வந்தார். முதலில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ரயிலில் கூட்டிப்போனேன். ஈழத்துத் தமிழர்கள் கட்டிய கோயில், கோபுரத்தோடு. அம்மாவுக்கு அப்புறம்தான் இந்த நாட்டின் மேல் நம்பிக்கை வந்தது. அடுத்த வாரம் கோத்தே வீடு.

“யாரு வீடு இது?”

“நம்ம ஊர்ல பாரதியார் மாதிரி, இங்க இவர்.”

“பெரிய வீடா இருக்கே. பாரதியாருக்கு ஏது இவ்ளோ பெரிய வீடு?” என்றார் அம்மா. பதில் சொல்ல முடியவில்லை. கோத்தேயின் அப்பா பரம்பரைச் சொத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அம்மாவழித் தாத்தா டெக்ஸ்டோர் நகரத்தின் உயர்ந்த அதிகாரி.

பிறந்த அறையில் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கோத்தே தன் வாழ்க்கைக் கதையை ஜாதகத்தோடுதான் ஆரம்பிக்கிறார். பகல் பன்னிரண்டு மணி அடிக்கும்போது பிறந்தேன், கன்னியில் சூரியன், வியாழனும் வெள்ளியும் அனுகூலம், புதன் பகையில்லை, சனியும் செவ்வாயும் சும்மா இருந்தன, முழுநிலா மட்டும் எதிர்த்து நின்றது என்று. அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“ஆகஸ்ட் கடைசின்னா ஆவணி. ஆவணில சூரியன் சிம்மத்துலதானே இருப்பான்? கன்னின்னு எப்படிப் போட்டான்?”

இவர்கள் கணக்கு வேறே, நம் பஞ்சாங்கம் மாதிரி அயனாம்சம் என்கிற திருத்தத்தைக் கழிப்பதில்லை என்றேன். அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. தப்பாக் கணிச்ச ஜாதகத்தை வைத்துக்கொண்டே இவ்வளவு பெரிய ஆளாகியிருக்கிறார் என்பதே அம்மாவின் தீர்ப்பு. மருத்துவச்சியின் கைக்கோளாறால் குழந்தை ஏறக்குறைய செத்துப் பிறந்தது, அதனால்தான் தாத்தா ஊரில் பிரசவ மருத்துவரை நியமித்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார் என்றதும், “அந்தக் கிழவர்தான் உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கார்” என்றார்.

மாடியில் ஒரு பெரிய வானியல் கடிகாரம் நிற்கிறது. சாவி கொடுக்க வேண்டிய நேரம் வந்தால் அதிலுள்ள குட்டிக் கரடி மல்லாந்து விழுந்துவிடுமாம். அதன் முன்னால் அம்மா நிறைய நேரம் நின்றார். கரடி விழவில்லை.

கீழே இறங்கும்போதுதான் சொன்னேன், இந்த வீடு பழைய வீடே கிடையாது என்று. 1944 மார்ச் 22 அன்று குண்டு விழுந்து தரைமட்டமானது. கோத்தே இறந்ததும் ஒரு மார்ச் 22, 1832இல்.

“திதியன்னிக்கேவா?” என்று அம்மா படியில் நின்றுவிட்டார்.

மேஜை, நாற்காலி, படம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டதால் அவை தப்பின. போர் முடிந்ததும் வீட்டைத் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்று பெரிய சண்டை. வால்டர் டிர்க்ஸ் என்ற எழுத்தாளர் 1947இல் வேண்டாம் என்று எழுதினார். ஹிட்லர் காலத்தில் இந்த நாடு செய்ததற்கும் இந்த வீடு இடிந்ததற்கும் தொடர்பு இருக்கிறது, இழப்பை ஒப்புக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். கட்டியே தீருவோம் என்று நின்றவர் அருங்காட்சியக இயக்குநர் எர்ன்ஸ்ட் பாய்ட்லர். 1951இல் அச்சு அசலாகக் கட்டித் திறந்தார்கள். நான் டிர்க்ஸ் பக்கம்தான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டிருந்தால் எனக்கு அந்தப் பம்பு கிடைத்திருக்காது.

சமையலறையில் அம்மா நேராகத் தொட்டியருகே போனார். “நம்ம அடி பம்புடீ!” என்று கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினார். மூலையில் நின்ற காவலர் மென்மையாக, “பிட்டே நிஷ்ட் அன்ஃபாசன்” என்றார். தொடாதீர்கள் என்று நான் சொல்லுமுன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டு, ஆனால் தோளை மட்டும் இரண்டு தடவை ஏற்றி இறக்கினார், அடிப்பதுபோல்.

வெளியே முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். அப்போது பாரியா கதையைச் சொன்னேன். குடமில்லாமல் தண்ணீர் உருண்டு நிற்கும் என்றதுமே அம்மா இடைமறித்தார்.

“குடமே இல்லாமலா? பச்ச மண்ண அள்ளிக் குடமாப் பிடிச்சு அதுல மொண்டு வருவா ஆத்தா. மனசு கலைஞ்சதும் குடம் கரைஞ்சு போச்சு. அதான் கதை.”

“இங்க வரதுக்குள்ள குடம் காணாமப் போச்சும்மா.”

“மேல சொல்லு.”

நம் கதையில் ஜமதக்னி சொல்ல, பரசுராமன் பெற்றவள் தலையை வெட்டுகிறான். கோத்தேயின் கவிதையில் புருஷனே வெட்டிவிட்டு ரத்தம் சொட்டும் வாளோடு திரும்புகிறான். மகன் ஓடிப்போய், அவசரத்தில் அம்மாவின் தலையைக் கொலைக்களத்தில் கிடந்த வேறொரு பெண்ணின் உடம்பில் பொருத்திவிடுகிறான். மேல்சாதித் தலையும் தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்டவளின் உடம்புமாக ஒரு தெய்வம் பிரம்மாண்டமாக எழுந்து நின்று, இனி நான் இரண்டு பேருக்காகவும் மேலே போய்ப் பேசுவேன் என்கிறது. அம்மா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“படவேட்டுல தலைய மட்டும்தான் கும்பிடறோம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உடம்பு யாருதுன்னு நாங்க யாரும் கேட்டதில்ல.”

அதற்கு மேல் அன்று பேசவில்லை. ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் எதையோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

“ஏம்மா, அந்தக் கதைல அப்பாதானே வெட்டினான்? பையன் இல்லல்ல?”

“ஆமாம்மா.”

“நல்லது பண்ணாரு அந்த மனுஷன். புள்ள கைல கத்தியக் கொடுக்கல.” அப்புறம், “அந்தப் பம்பு அடிச்சா இப்பவும் தண்ணி வருமா? கேட்டியா?”

கேட்கவில்லை என்றேன்.

“போய்க் கேளு” என்றார் அம்மா.